'ஸ்பைசி' என்றால் காரமா?



இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஒரு சொல். அதுவும் ஆங்கிலச் சொல். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும், கிள்ளானில் பலகாரக் கடை வாசலில் நின்றாலும் பத்து நிமிடத்துக்குள் காதில் விழுந்துவிடும். 'ஸ்பைசி'. இதற்கு ஓர் அரங்கமா என்று சிலர் நினைக்கலாம். கிள்ளானில் ஒரு பாட்டிக்கு நேர்ந்ததைக் கேட்ட பிறகு அப்படி நினைக்க மாட்டார்கள்.

பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் பால் மரம் சீவி, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு பட்டணத்துக்கு வந்தவர். தமிழும் மலாயும் தெரியும், ஆங்கிலம் தெரியாது. சாப்பிட்டால் நெஞ்செரிச்சல், இரவில் தூக்கமில்லை. பேத்தி கிளினிக்குக்கு அழைத்துப் போனார். டாக்டர் பரிசோதித்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு 'ஸ்பைசி' உணவு வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பேத்தி அதைத் தமிழில் சொன்னார்: "பாட்டி, மசாலா எதுவும் சேர்க்கக் கூடாதாம்."

பாட்டி கட்டுப்பாடானவர். அன்றைக்கே கறித்தூள் டப்பாவை மேல் தட்டில் ஏற்றிவிட்டார். மல்லி, சீரகம், சோம்பு, பட்டை, கிராம்பு, மஞ்சள் எல்லாவற்றுக்கும் தடை. வெறும் கஞ்சி. வெறும் கஞ்சி எப்படி இறங்கும்? தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய், கொஞ்சம் நெத்திலிச் சம்பல். ஊறுகாயிலும் சம்பலிலும் மசாலா கிடையாதே!

இரண்டு வாரம் கழித்துப் போனபோது நெஞ்செரிச்சல் கூடியிருந்தது. "ஸ்பைசி சாப்பிடுகிறாரா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லை டாக்டர், மசாலா வாசமே வீட்டில் இல்லை" என்றார் பேத்தி. டாக்டர் சொன்னதில் பிழையில்லை. பேத்தி சொன்னது பொய்யில்லை. பாட்டியோ பட்டினி மாதிரி பத்தியம் இருந்திருக்கிறார். ஆனாலும் வயிறு எரிகிறது. கோளாறு எங்கே? அந்த ஒரு சொல்லில்.

பாட்டி அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும். சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

'ஸ்பைசி' என்பது 'ஸ்பைஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'ஸ்பைஸ்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அதற்கு மூலம் லத்தீன். லத்தீனில் 'ஸ்பீசிஸ்' என்றால் வகை, இனம். உயிரியல் பாடத்தில் பிள்ளைகள் படிக்கிறார்களே, அதே 'ஸ்பீசிஸ்'தான். பிற்கால லத்தீனில் அதற்கு 'பல வகைச் சரக்கு' என்ற பொருளும் ஏறிக்கொண்டது. கப்பலில் வந்த மணச் சரக்குகளுக்கு அதுவே பெயராயிற்று. ஆக 'ஸ்பைஸ்' என்ற சொல்லில் எரிச்சலும் இல்லை, காரமும் இல்லை. சரக்கு, அவ்வளவுதான்.

'மசாலா'வுக்கும் ஏறத்தாழ இதே கதைதான். அது அரபுச் சொல்லிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. 'தேவையான பொருள்கள்' என்பதுதான் அதன் அடிப்படை. தமிழும் பின்தங்கவில்லை. மளிகைச் சரக்கு, கறிச்சரக்கு என்கிறோம். யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்றும் 'சரக்குத் தூள்' என்ற பேச்சு உண்டு. எங்கோ ஐரோப்பாவிலும் அரபு நாட்டிலும் தமிழ் மண்ணிலும் மனிதர்கள் பட்டையையும் ஏலத்தையும் பார்த்து ஒரே மாதிரி 'சரக்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்த நம்மவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. மூட்டையில் வந்து இறங்குவதெல்லாம் அவர்களுக்குச் சரக்குதான்.

நம் அப்பாமார் பலர் முகச்சவரம் செய்த பிறகு தடவிக்கொள்ளும் 'ஓல்ட் ஸ்பைஸ்' ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைப் புட்டி, சிவப்பு எழுத்து, கப்பல் படம். 'ஸ்பைஸ்' என்றால் மிளகாய் என்று வைத்துக்கொண்டால் அதை யாராவது கன்னத்தில் தடவுவார்களா? கன்னம் எரிந்தது உண்மைதான். அது சாராய ஸ்பிரிட்டின் வேலை. வாசம்தான் 'ஸ்பைஸ்'.

அப்படியானால் எரிகிற மிளகாய் இந்தச் சொல்லுக்குள் எப்படி வந்து குந்திக்கொண்டது?

மிளகாய் நம்முடையது அல்ல. அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 1492இல் மிளகு தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் அங்கே மிளகைக் காணவில்லை. எரிகிற ஒரு காயைக் கண்டார். அதற்கும் மிளகின் பெயரையே சூட்டினார்கள். இன்றுவரை ஆங்கிலத்தில் 'பெப்பர்' என்றால் மிளகா, மிளகாயா, குடைமிளகாயா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர்கள் அந்த நூற்றாண்டில்தான் மிளகாயை ஆசியக் கரைகளில் பரப்பினார்கள். கடாரம் கொண்ட ராஜேந்திர சோழன் மிளகாயைக் கண்ணால் கூடப் பார்த்திருக்க முடியாது என்பதைச் சரித்திரப் பிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

தமிழர்களும் புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரைத்தான் கொடுத்தார்கள். ஆனால் குழப்பம் வராமல் கொடுத்தார்கள். மிளகைப் போல் உறைக்கும் காய், மிளகாய். ஒரு 'காய்' சேர்த்ததில் பிரச்சினை தீர்ந்தது. மலாயில் 'லாடா' என்றால் மிளகு. சில மாநிலங்களில் மிளகாயையும் அப்படியே சொல்வார்கள். பொதுவழக்கில் மிளகாய்க்குச் 'சிலி' என்ற பெயர் தனியாக வந்துவிட்டது. குட்டி மிளகாய்க்குச் 'சிலி அப்பி', அதாவது நெருப்பு மிளகாய் என்றே பெயர்.

அந்த நெருப்பு வெறும் உவமை அல்ல. அறுசுவை என்று நம் முன்னோர் வகுத்ததில் கார்ப்பும் ஒன்று. மிளகாய் வருவதற்கு முன்பே மிளகும் சுக்கும் திப்பிலியும் கார்ப்புக்கு இலக்கணமாக இருந்தன. ஆனால் இன்றைய அறிவியல் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகியவற்றோடு ஜப்பானிய விஞ்ஞானி இக்கேடா 1908இல் எடுத்துச் சொன்ன 'உமாமி'யையும் சேர்த்து ஐந்தைத்தான் சுவை என்கிறது. கார்ப்புக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. காரணம், மிளகாயின் காரம் நாக்கின் சுவை மொட்டு வழியாகப் போவதில்லை. சூட்டையும் வலியையும் மூளைக்குச் சொல்லும் நரம்பு வழியாகப் போகிறது.

மிளகாயில் உள்ள 'கேப்சைசின்' என்ற பொருள் அந்த நரம்பு முனையில் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் கண்டறிந்தார்கள். அதே இடம்தான் ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் உணர்கிறது. கொதிக்கும் தேத்தண்ணீரும் சிலி அப்பியும் மூளைக்கு அனுப்பும் தந்தி ஒன்றே. ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. அதனால்தான் காரம் தாங்காமல் ஐஸ் தண்ணீர் குடிப்பவர் மேலும் தவிக்கிறார். வாழையிலைச் சாப்பாட்டின் கடைசியில் தயிரும் மோரும் வருவதன் அருமை அப்போதுதான் தெரியும்; பால் பொருளில் உள்ள புரதம் அந்தக் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஆகவே ஆங்கிலேயர் காரத்துக்கு 'ஹாட்' என்று சொன்னது உடல் அறிவியல்படி மிகச் சரி. சாப்பாட்டு மேசையில்தான் வம்பு. பிரிக்பீல்ட்ஸ் கடை ஒன்றில் வெள்ளைக்காரப் பயணி மீன் கறியைக் காட்டி, "இஸ் இட் ஹாட்?" என்று கேட்கிறார். பரிமாறும் தம்பி கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெருமையோடு, "யெஸ் சார், வெரி ஹாட், இப்பத்தான் இறக்கினது" என்கிறார். பயணி கிண்ணத்தைத் தள்ளி வைக்கிறார். ஆறிப்போனால்தான் சாப்பிடுவார் போலிருக்கிறது என்று தம்பி நினைத்துக்கொள்கிறார்.

இந்தச் சங்கடத்திலிருந்து தப்பிக்க ஆங்கிலம் பேசுவோர் 'ஸ்பைசி'யை இழுத்துக்கொண்டு வந்தார்கள் என்றே தோன்றுகிறது. சூடு 'ஹாட்' ஆகவே இருக்கட்டும், காரம் 'ஸ்பைசி' ஆகட்டும் என்று. ஒரு குழப்பம் தீர்ந்தது, இன்னொன்று பிறந்தது. இப்போது 'ஸ்பைசி' என்றால் மிளகாய்க் காரமும் உண்டு, மசாலா மணமும் உண்டு. ஆங்கில அகராதிகள் இரண்டையும் ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே 'ஸ்பைசி' என்று காரத்தைச் சொல்பவரைத் தவறு என்று சொல்ல முடியாது. அந்தச் சொல் போதாது என்றுதான் சொல்ல வேண்டும்.

போதாது என்பதற்குக் கிள்ளானிலேயே சாட்சி இருக்கிறது. கிள்ளான் என்றதும் சீன நண்பர்கள் சொல்வது 'பாக் குட் தே'. அன்னாசிப்பூ, பட்டை, மிளகு, பூண்டு, சீன மூலிகைகள் எல்லாம் போட்டுப் பன்றி எலும்பைக் கொதிக்க வைக்கும் சாறு. 2024 பிப்ரவரியில் நாட்டின் பாரம்பரிய உணவுகளில் ஒன்றாக அரசாங்கமே அதை அறிவித்தது. அதில் சரக்கு நிறைய; மிளகாய்க் காரம் கிடையாது. வேண்டியவர் சோயாவில் நறுக்கிப் போட்ட சிலி அப்பியைத் தனியாகத் தொட்டுக்கொள்ளலாம்.

அதே தெருவில் காலைப் பசியாற விற்கும் நாசி லெமாக்கின் சம்பலைப் பாருங்கள். மிளகாய் விழுது, வெங்காயம், பெலாச்சான், புளி, சர்க்கரை. மல்லியும் இல்லை, சீரகமும் இல்லை, பட்டையும் இல்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் வரும். ஒன்று சரக்கு உள்ள, காரமில்லாத உணவு. மற்றொன்று காரமுள்ள, சரக்கில்லாத உணவு. ஆங்கிலத்தில் இரண்டும் 'ஸ்பைசி'. பாட்டி முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்.

சகோதர மொழிகளைப் பாருங்கள். மலாயில் மிளகாய்க் காரம் 'பெடாஸ்', அடுப்புச் சூடு 'பானாஸ்', மசாலா 'ரெம்பா'. மூன்றுக்கும் மூன்று சொல். கிள்ளானில் ஹொக்கியன் பேசும் சீனர் காரத்தை 'ஹியாம்' என்பார். இப்போது கோலாலம்பூரில் எங்கு பார்த்தாலும் 'மாலா' கடைகள். அது இரண்டு சீனச் சொற்கள் சேர்ந்தது: 'மா' என்றால் நாக்கு மரத்துப் போவது, 'லா' என்றால் உறைப்பது. மரத்துப் போவதையும் எரிவதையும் பிரித்துச் சொல்லும் அளவுக்கு அவர்கள் நாக்குக்குச் சொல் இருக்கிறது.

தமிழுக்கு மட்டும் என்ன குறை? சூடு இருக்கிறது, மசாலா இருக்கிறது, காரம் இருக்கிறது. காரத்துக்குள்ளேயே எத்தனை! பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே காலத்திலிருந்து இலங்கைத் தமிழர் வாழ்கிறார்கள். ஜாலான் ஸ்காட் கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியது. அவர்கள் வீட்டில் கறி 'உறைக்கும்'. பக்கத்து வீட்டுத் தமிழ்நாட்டு வழிவந்தவர் வீட்டில் அதே கறி 'காரமாக' இருக்கும். வாய்க்கு 'எரிப்பு', தொண்டைக்குக் 'கமறல்', கடுகு மூக்கில் ஏறினால் 'நெடி', தாளிக்கும்போது 'வாசம்'. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் உடம்பின் ஒவ்வோர் இடத்தில் நடப்பதைச் சொல்கின்றன. இன்று வீட்டுப் பிள்ளை ரசத்துக்கும் 'ஸ்பைசியா இருக்கு' என்கிறது, பிரியாணிக்கும் 'ஸ்பைசியா இருக்கு' என்கிறது, மூக்கில் கடுகு ஏறினாலும் அதே. அம்மாவுக்கு உப்பைக் கூட்டுவதா, மிளகாயைக் குறைப்பதா, பட்டையை எடுத்துவிடுவதா என்று தெரியவில்லை. பிள்ளை கடைசியில் பொரித்த கோழியைத் தேடிப் போகிறது.

தமிழ்க் 'காரம்' என்ற சொல்லும் ஒரு குறும்புக்காரச் சொல்தான், மறைக்க வேண்டியதில்லை. 'இனிப்பு காரம்' என்று கடைக்காரர் சொல்லும்போது முறுக்கும் ஓமப்பொடியும் காரமாகிவிடுகின்றன, அவற்றில் மிளகாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வேதியியல் பாடத்தில் காரம் என்றால் சோப்புக் கட்டி. மேடையில் 'காரமான பேச்சு' என்றால் கோபமான பேச்சு. இதை மறந்துவிட்டு ஆங்கிலச் செய்தியில் வரும் 'ஸ்பைசி ஸ்டோரி'யைக் 'காரமான கதை' என்று மொழிபெயர்த்தால் சண்டைச் செய்தி என்றுதான் வாசகர் நினைப்பார். ஆங்கிலத்தில் அது கிசுகிசு. தமிழில் அதற்குச் சரியான சொல் 'மசாலா'. மசாலாப் படம் என்கிறோமே, அந்த மசாலா. ஆக ஒரே 'ஸ்பைசி'யை உணவு மேசையில் சில நேரம் காரம் என்றும், சினிமாப் பக்கத்தில் மசாலா என்றும் மாற்றிச் சொல்லத் தெரிய வேண்டும்.

ஆங்கிலத்தில் பேசித்தான் ஆக வேண்டிய இடத்தில் என்ன சொல்வது? மிளகாய்க் காரம் என்றால் 'சிலி ஹாட்' என்று இரண்டு சொல்லாகச் சொன்னால் யாரும் கிண்ணத்தைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். மசாலா போட்டது, ஆனால் எரியாது என்றால் 'ஸ்பைஸ்ட்' என்ற சொல் இருக்கிறது. அதோடு 'நாட் ஹாட்' என்றும் சேர்த்துக்கொள்ளலாம். மிளகுக் காரத்துக்குப் 'பெப்பரி'. பழைய தமிழ்–ஆங்கில அகராதிகளைப் பார்த்துக் கார்ப்புக்குப் 'பஞ்ஜண்ட்' என்று எழுதும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்றைய பேச்சில் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் நெடி வீசும் பொருளுக்குத்தான் சொல்கிறார்கள். அம்மாவின் கறியைப் 'பஞ்ஜண்ட்' என்று கட்டுரையில் எழுதினால் ஆசிரியர் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

சொல்லை நம்ப முடியாத இடத்தில் எண்ணை நம்பலாம். அமெரிக்க மருந்தியலாளர் ஸ்கோவில் 1912இலேயே காரத்தை அளக்க ஒரு வழி சொன்னார்: மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்துகொண்டே போவது, நாக்குக்குக் காரம் தெரியாமல் போகும்வரை எத்தனை மடங்கு கலந்தோம் என்று கணக்கிடுவது. குடைமிளகாய்க்கு அந்த அளவு பூஜ்யம். நம் சிலி அப்பி போன்றவற்றுக்கு ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று போகும். 2024 ஜூன் மாதம் டென்மார்க் உணவு அதிகாரிகள் தென்கொரியாவின் சம்யாங் நிறுவனத்து உடனடி மீ வகைகள் மூன்றைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னார்கள். ஒரு பாக்கெட்டில் உள்ள கேப்சைசின் அளவு பிள்ளைகளுக்கு ஆபத்து என்பது அவர்கள் சொன்ன காரணம். அடுத்த மாதமே மறுபடி கணக்குப் போட்டு இரண்டை விற்க அனுமதித்தார்கள். பாக்கெட்டின் மேல் 'ஹாட்' என்றும் 'ஸ்பைசி' என்றும் இரண்டும்தான் அச்சிட்டிருந்தது. அதிகாரிகள் அந்தச் சொற்களை வைத்து முடிவு செய்யவில்லை, கேப்சைசினை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். நம் பிள்ளைகளும் பந்தயம் கட்டிக்கொண்டு இந்த மீயைச் சாப்பிடுகிறார்கள். பெற்றோர் கவனிக்க வேண்டும்.

கிளினிக்கில் ஓர் எண்ணைக் கேட்க முடியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம். 'ஸ்பைசி' வேண்டாம் என்றால் மிளகாயை மட்டும் விட வேண்டுமா, எல்லா மசாலாவையும் விட வேண்டுமா, ஊறுகாயும் அதில் சேர்த்தியா என்று டாக்டரிடமே கேட்டுவிடுவது. மொழிபெயர்க்கும் மகனுக்கும் மகளுக்கும் பேத்திக்கும் இது கூச்சமாக இருக்கும். ஆங்கிலம் தெரியாதவர் போல் ஆகிவிடுமே என்ற கூச்சம். நெஞ்செரிச்சல் அவர்களுடையது அல்லவே.

கிள்ளான் பாட்டியை டாக்டர் அறையிலேயே உட்கார வைத்திருக்கிறோம். டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த மலாய்க்கார மிஸ்ஸி பாட்டியின் கையைப் பிடித்தபடி சாதாரணமாகக் கேட்டார்: "நேனேக், மாக்கான் பெடாஸ் தாக்?" காரம் சாப்பிடுகிறீர்களா பாட்டி என்று.

"பெடாஸா? சாப்பிடாமல்? சம்பல் இல்லாமல் கஞ்சி எப்படி இறங்கும்?" என்று பாட்டி மலாயில் பதில் சொன்னார். ஊறுகாயையும் மறக்காமல் சொன்னார். பேத்தி தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் சிரித்துவிட்டார். இரண்டு வாரமாக யாருக்கும் பிடிபடாதது ஒரு மலாய்ச் சொல்லில் பிடிபட்டது.

சம்பலும் ஊறுகாயும் வேண்டாம், மல்லியும் சீரகமும் மஞ்சளும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம் என்று மிஸ்ஸி விளக்கினார். பாட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்து பேத்தியிடம், "அப்போ ரசம்?" என்றார். பேத்தி மிஸ்ஸியைப் பார்த்தார். மிளகு பெடாஸா, ரெம்பாவா? மிஸ்ஸி யோசித்துவிட்டு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"மிளகு கம்மியா," என்றார் கடைசியில்.